ஒரு சிரிப்பு நாடகமும் எனக்குப் போன 62 ஆயிரமும்

குடும்பத்தோடு உட்கார்ந்து சிரிக்கலாம் என்று போட்ட ஒரு பழைய அமெரிக்க டிவி தொடர், போன கோடை முழுக்க என்னைத் தூங்கவிடாமல் செய்து, 62 ஆயிரம் ரூபாயையும் கொண்டுபோய்விட்டது. டிவி பார்த்து எப்படி மாப்பிள்ளை பணம் போகும் என்று என் மச்சினன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். போகும். எப்படிப் போனது என்று வரிசையாகச் சொல்கிறேன். சின்ன வயதில் அப்பா விட்டுப்போனவர்கள், வேறொரு வீட்டில் வளர்ந்தவர்கள், அப்படி வளர்ந்தவரைக் கட்டிக்கொண்டவர்கள் படித்தால் எந்த இடத்தில் உஷாராக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

தொடரின் பெயர் ‘தி ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல் ஏர்’. 1990 செப்டம்பரில் என்பிசி சேனலில் தொடங்கி 1996 மே வரை ஆறு சீசன் ஓடியது. பிலடெல்பியாவில் ஏழைப்பட்ட பகுதியில் வளரும் வில் என்ற பையன் ஒரு சண்டையில் மாட்டிக்கொள்கிறான். பயந்துபோன அவன் அம்மா, லாஸ் ஏஞ்சலஸில் பெரிய மாளிகையில் வாழும் தன் சகோதரி வீட்டுக்கு அவனை அனுப்பிவிடுகிறாள். சகோதரியின் கணவர் ஃபில் வக்கீலாக இருந்து நீதிபதியானவர், ஆள் மலை மாதிரி இருப்பார், சத்தம் அதைவிடப் பெரிது. அந்த வீட்டுக்கு மூன்று பிள்ளைகள், பின்னால் ஒரு கைக்குழந்தை, ஒரு பட்லர். வில்லாக நடித்தவர் வில் ஸ்மித். ஃபில்லாக நடித்தவர் ஜேம்ஸ் ஏவரி, 2013 டிசம்பர் 31 அன்று காலமானார்.

எனக்கு இந்தத் தொடர் ஏன் பிடித்தது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. நானும் பெட்டியோடு அனுப்பப்பட்டவன்தான். எனக்கு ஆறு வயதில் அப்பா மலேசியாவுக்கு ஹோட்டல் வேலைக்குப் போனார். கொஞ்ச காலம் பணமும் கடிதமும் வந்தன, அப்புறம் நின்றுவிட்டன. அம்மா தேவகோட்டையில் ஒரு தையல் மிஷினை வைத்துச் சமாளித்தார். என்னைப் பள்ளத்தூரில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார். பெரியப்பா அங்கே ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. முதலாளி குடும்பம் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாக இருந்ததால் வீட்டைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. வில்லுக்கு மாளிகை இருந்ததென்றால் எனக்கும் இருந்தது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை எல்லாம் உண்டு. சாவி மட்டும்தான் எங்களுடையது. நாங்கள் குடியிருந்தது பின்கட்டில் இரண்டு அறையில். முதலாளி வீட்டார் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்தால் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் எங்களுக்கும் வரும். அவர்கள் கிளம்பும்வரை வளவில் ஓடி விளையாடக் கூடாது.

பெரியப்பாவின் மகன், என் அண்ணன், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு முதல் மார்க் வாங்குகிற ரகம். கல்லூரி ஹாஸ்டலில் ஒருத்தன் சீடியில் வைத்திருந்த இந்தத் தொடரை முதன்முதலில் பார்த்து, ஃபில்லின் மகன் கார்ல்டன் ஸ்வெட்டரோடு வந்து நின்றதும், அடடா நம்ம அண்ணன் என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது நாங்கள் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. சிரிப்பு வருகிற இடத்தை ஓட்டி ஓட்டிப் பார்ப்போம், பேச்சு நீண்டால் தள்ளிவிடுவோம். நான் சொல்லப்போகிற எபிசோடையும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். அப்பா வருவார், கலாட்டா பண்ணுவார், போய்விடுவார் என்ற அளவுக்குத்தான் நினைவிருந்தது. இருபது வயதில் பார்த்ததை வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த தொடர்தானே என்று நாற்பது வயதில் மறுபடி உட்காராதீர்கள். தொடர் மாறியிருக்காது, பார்க்கிற ஆள் வேறு.

அண்ணன் இப்போது நியூஜெர்சியில் இருக்கிறார். போன வருடம் வந்தபோது, ஞாபகமிருக்கா என்று சிரித்துக்கொண்டே தொடரின் டிவிடி பெட்டியை என் கையில் கொடுத்தார். இதற்காகக் காரைக்குடியில் 2,900 ரூபாய்க்கு ஒரு பிளேயர் வாங்கினேன், தட்டைப் போட்டால் ஓடவில்லை. டிவிடிக்கு உலகத்தையே வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு 1, இந்தியாவுக்கு 5. ஒரு வட்டாரத் தட்டு இன்னொரு வட்டாரத்துப் பிளேயரில் ஓடாது. ‘எல்லா ரீஜனும் ஓடும்’ என்று போட்ட பிளேயர்தான் வேண்டும், அல்லது அப்படி மாற்றிக்கொள்ளக்கூடிய மாடலாக இருக்க வேண்டும். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார், அதனால் இந்தக் காசு 62 ஆயிரத்தில் சேராது. ஆனால் வெளிநாட்டிலிருந்து யாராவது டிவிடி கொண்டுவந்தால் முதலில் அட்டையில் பூமி உருண்டை மாதிரி ஒரு படத்துக்குள் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள்.

மே மாதம், பிள்ளைகளுக்கு லீவு. மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு எட்டு. பெரியம்மா இறந்த பிறகு பெரியப்பா காரைக்குடி செக்காலைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் டிவி பக்கம் வரமாட்டார். வெளியே சாய்வு நாற்காலி, பேப்பர், அவ்வளவுதான். வெயில் தாழ்ந்ததும் நாங்கள் நாலு பேரும் உட்காருவோம். மகள் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்வாள், மகனுக்குக் கார்ல்டன் ஆட்டம் ஒன்றே போதும். நாலாவது சீசன் தொடங்கியதும், வில்லோட சித்தி மூஞ்சி ஏன் மாறிப்போச்சு என்று இருவரும் சண்டைக்கு வந்தார்கள். உண்மைதான், முதல் மூன்று சீசனில் ஜேனட் ஹூபர்ட், அதற்கப்புறம் டாஃப்னி மேக்ஸ்வெல் ரீட். நம்ம ஊர் மெகா தொடரில் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று போடுவார்களே, அந்த மரியாதைகூட அங்கே கிடையாது.

அந்தச் சீசனின் 24வது எபிசோட், 1994 மே 9 அன்று முதலில் ஒளிபரப்பானது. பதினாலு வருடமாகக் காணாமல் போயிருந்த வில்லின் அப்பா லூ வந்து நிற்கிறார். லாரி ஓட்டுகிறவர். நடித்தவர் பென் வெரீன். அந்த மனிதர் அவ்வளவு அழகாகச் சிரிக்கிறார், அதுதான் கொடுமை. மகனை ஊர் சுற்றக் கூட்டிப்போகிறார், கோடை முழுக்க லாரியில் என்னோடு வா என்கிறார். ஃபில்லுக்கு இது பிடிக்கவில்லை, தடுக்கிறார். வில் அவர் முகத்துக்கு நேராக, நீங்கள் என் அப்பா இல்லை என்று கத்திவிடுகிறான். இந்த இடத்தில் எனக்கு நெஞ்சில் ஏதோ அடைத்தது. பத்தாம் வகுப்பில் சைக்கிள் விஷயமாக நடந்த சண்டையில் நானும் அதே வாக்கியத்தைப் பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் பதிலே பேசாமல் கணக்கு நோட்டைத் திறந்துகொண்டார்.

அப்புறம் நடப்பதுதான் விஷயம். பையன் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பி நிற்கும்போது, லூ சொல்லாமலே போய்விடப் பார்க்கிறார். வேறு வேலை வந்துவிட்டதாம், மகனிடம் சொல்லிவிடும்படி ஃபில்லிடமே கேட்கிறார். ஃபில் கொதிக்கிறார். அதற்குள் வில் வந்துவிடுகிறான். பரவாயில்லை, புரிகிறது என்று சிரித்துக்கொண்டே வழியனுப்புகிறான், அப்பா என்று சொல்லாமல் பேரைச் சொல்லி. கதவு சாத்தியதும் ஃபில், கோபப்படுவதில் தப்பில்லை என்கிறார். எனக்கென்ன கோபம் என்று முதலில் ஜோக்கடிக்கிறான். பிறகு அவன் குரல் ஏறுகிறது. பந்து போடக் கற்றுக்கொண்டேன், கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன், ஷேவ் பண்ணக் கற்றுக்கொண்டேன், எல்லாம் அவர் இல்லாமல்தான், பதினாலு பிறந்தநாள் போயிருக்கிறது, ஒரு வாழ்த்து அட்டை வரவில்லை என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் குரல் உடைந்து, அவருக்கு ஏன் நான் வேண்டாமல் போனேன் என்று கேட்கிறான். ஃபில் ஒரு வார்த்தை பேசவில்லை. இழுத்து அணைத்துக்கொள்கிறார். அப்பாவுக்குக் கொடுக்க என்று பையன் வாங்கி வைத்திருந்த, தகப்பனும் பிள்ளையுமாக இருக்கும் சிலையைக் காட்டி முடித்துவிடுகிறார்கள். ஆட்களை எதிரே உட்காரவைத்து எடுத்த தொடர் இது, நிமிடத்துக்கு நாலு முறை சிரிப்புச் சத்தம் கேட்கும். அந்தக் கடைசிப் பகுதியில் ஒரு சத்தமும் இல்லை.

நான் அழுதேன் என்றால் சின்னதாகத் தெரியும். மூச்சு வாங்கி, முகத்தை மூட முடியாமல், பிள்ளைகள் முன்னால் அழுதேன். மகன் பயந்துபோய் அம்மாவிடம் ஒட்டிக்கொண்டான். மகள் டிவியை அணைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அதைவிட ஆச்சரியமாகவும் இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அப்பாவைப் பற்றி நான் அழுததே கிடையாது. அம்மா இறந்தபோதுகூட அப்பாவைப் பற்றி நினைப்பு வரவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். பழைய குடும்பச் சிரிப்புத் தொடர் எதிலும் இப்படி ஒன்றிரண்டு எபிசோட் ஒளிந்திருக்கும். பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் அந்தந்தச் சீசனின் கதைச்சுருக்கத்தை முன்கூட்டி ஒரு தடவை படித்துவிடுங்கள், இணையத்தில் எபிசோட் வாரியாக இருக்கிறது. அப்பா அம்மா இறப்பு, பிரிவு, நோய் என்று வருவதைக் குறித்துவைத்துக்கொண்டு, அதை மட்டும் பகலில், முதலில் தனியாகப் பாருங்கள். அப்படியும் பிள்ளைகள் முன்னால் உடைந்துவிட்டால், கண்ணில் தூசி என்று சமாளிக்க வேண்டாம். என் மனைவிதான் மகனிடம், அப்பாவோட அப்பாவும் இப்படிப் போயிட்டார், அதான் அழுறார், உன் மேல கோபமில்லை என்று இரண்டே வரியில் சொன்னாள். அவன் சரி என்று விளையாடப் போய்விட்டான். பிள்ளைகளுக்கு நீளமான விளக்கம் தேவைப்படுவதில்லை, தன்னால்தானோ என்ற சந்தேகத்தைத் தீர்த்தால் போதும்.

எனக்குத்தான் தீரவில்லை. அன்றிரவு எல்லோரும் தூங்கியதும் போனில் அந்தக் காட்சியைத் தேடிப் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கீழே ஆயிரக்கணக்கானவர்கள் எழுதியிருந்ததையும் படித்தேன். வில் ஸ்மித்தை அவர் அப்பா கைவிட்டார், வசனத்தை மறந்து சொந்த வலியைக் கொட்டிவிட்டார் என்று ஒருத்தர் எழுத, நூறு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். அதை அப்படியே நம்பினேன். அது கட்டுக்கதை. அவருடைய அப்பா பிலடெல்பியாவில் குளிர்பதன இயந்திரத் தொழில் செய்தவர், மகனை வளர்த்து ஆளாக்கியவர், 2016 வரை உயிரோடு இருந்தார். காட்சியை எடுக்கும்போது ஸ்மித் முதலில் சொதப்பியதையும், ஏவரி அவரை நிதானப்படுத்தித் தன்னைப் பிடித்துக்கொண்டு நடிக்கச் சொன்னதையும், கட்டிப்பிடித்திருக்கும்போதே காதில் ‘இதுதான் நடிப்பு’ என்று முணுமுணுத்ததையும் ஸ்மித்தே பின்னால் சொல்லியிருக்கிறார். 25 வயதுப் பையன் கூட நின்றவரின் உதவியால் நன்றாக நடித்தான், அவ்வளவுதான். இது தெரிந்திருந்தால் நான் அன்றைக்குக் கொஞ்சம் அடங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, போனில் ஒரு அழுகைக் காட்சியை நாலு தடவை பார்த்தால் அது இன்னும் நாற்பதைக் கொண்டுவந்து நீட்டும். காணாமல் போன தகப்பன், ஏர்போர்ட்டில் சேரும் தகப்பன், ஆஸ்பத்திரியில் மன்னிப்புக் கேட்கும் தகப்பன் என்று வாரக்கணக்கில் எனக்கு வந்தது அதுதான். பார்த்த வரலாற்றில் போய் அந்த வீடியோக்களை அழித்துவிட்டு, புதிதாக வருவதற்கெல்லாம் ‘விருப்பமில்லை’ என்று அழுத்தினால் சில நாளில் நிற்கும். இதை என் மகள் சொல்லித்தான் தெரிந்தது, அதற்குள் காரியம் நடந்துவிட்டது.

நடந்த காரியம் இது. ஒரு நடுராத்திரியில், மலேசியத் தமிழர்கள் இருக்கும் ஒரு ஃபேஸ்புக் குழுவில் அப்பாவைத் தேடுகிறேன் என்று எழுதினேன். முழுப் பெயர், சொந்த ஊர், போன வருடம், இடது புருவத்துக்கு மேல் இருந்த வெட்டுத் தழும்பு, கையிலிருந்த ஒரே பழைய போட்டோ எல்லாம் போட்டேன். விடிவதற்குள் ஒருவர் பேசினார். ஈப்போவில் ரெஸ்டாரண்டில் வேலையாம், அப்பாவைத் தெரியுமாம். புருவத் தழும்பைச் சொன்னார், தேவகோட்டை என்றார், மலேசியா வந்த வருடத்தைச் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. அவர் சொன்ன ஒவ்வொரு ‘ஆதார’மும் நான் எழுதியதிலிருந்தே எடுத்தது என்பது அப்போது உறைக்கவில்லை. முதலில் அவர் பணமே கேட்கவில்லை. சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் முகம் திருப்பிப் படுத்திருக்கும் ஒரு முதியவரின் போட்டோ வந்தது. மருந்துச் செலவு என்று 15,000. பெர்மிட் முடிந்து தங்கியதற்கு அபராதம் கட்டினால்தான் வெளியே விடுவார்கள் என்று 28,000. அனுப்பியது இங்கே ஒரு வங்கிக் கணக்குக்கு, அவருடைய தம்பி கணக்காம். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குப் போகவர டிக்கெட் 21,500க்குப் போட்டேன், ரத்து செய்தால் பணம் திரும்பாத வகை. மனைவியிடம் கம்பெனி வேலையாக மதுரை போகிறேன் என்று சொல்வதற்குக்கூட வசனம் தயார் செய்து வைத்திருந்தேன்.

மறுபடி பணம் கேட்டபோதுதான் அந்த ஆஸ்பத்திரிப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். ஏதோ ஒரு செய்தித் தளத்தில் எப்போதோ வந்த படம், வேறு யாரோ ஒரு பெரியவர். அந்த நிமிடம் கோபம்கூட வரவில்லை, வயிற்றைப் புரட்டியது. இணைய மோசடியைச் சொல்லும் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தேன், சைபர் க்ரைம் இணையதளத்திலும் புகாரைப் பதிந்தேன். பணம் போன ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அந்த எண்ணில் சொன்னால், எடுக்கப்படுவதற்கு முன் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். நான் சொன்னபோது அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. டிக்கெட்டைப் பொறுத்தவரை, ‘திரும்பாத’ டிக்கெட்டிலும் வரி, விமான நிலையக் கட்டணம் என்ற பகுதியைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். தானாக வராது, எழுதிக் கேட்க வேண்டும். எனக்கு 2,500 வந்தது. ஆக மொத்தம் 62,000.

யாரையாவது தேடுகிறீர்கள் என்றால் அடையாளத்தில் பாதியை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். தழும்பு, கூப்பிடும் பெயர், வீட்டில் நடந்த ஒரு சம்பவம் என்று எதையாவது வெளியே சொல்லாமல் வைத்திருந்தால், வருகிறவர் உண்மையானவரா என்று கேட்டுப் பார்க்கலாம். வீடியோவில் முகத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்டும்வரை பத்து ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வெளிநாட்டில் தொடர்பு விட்டுப்போன இந்தியர்களைப் பற்றிக் கேட்க வெளியுறவுத் துறையின் ‘மதத்’ என்ற இணையதளம் இருக்கிறது, 2015லிருந்து நடக்கிறது. அதில் பதிந்தால் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்குப் போகும், கட்டணம் கிடையாது. மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் யாரும் உங்களிடம் அபராதம் கேட்கமாட்டார்கள்.

பணம் போனதை மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “பெரிய மாமாகிட்ட கேட்டீங்களா?” எனக்கு அது தோன்றவே இல்லை. அப்பா பேச்சு எங்கள் வீட்டில் எடுக்கக் கூடாத பேச்சு, பெரியப்பா பேரனுக்குப் பென்சில் சீவிக்கொடுக்கிற கிழவர், அவருக்கு என்ன தெரியும் என்றுதான் இருந்தேன்.

மறுநாள் காலையில் காபி குடித்து முடித்ததும் கேட்டேன். “பெரியப்பா, அப்பா எங்கே இருக்கார்னு உங்களுக்குத் தெரியுமா?”

பேப்பரை மடித்து வைத்தார். “இப்ப எங்கேயும் இல்ல தம்பி. ஈப்போவுல இருந்தான். செத்து ஏழெட்டு வருஷம் இருக்கும்.”

முதலாளி வீட்டு ஆட்களில் ஒருவர் மலேசியா போய்வந்துகொண்டிருந்தவர். அவரிடம் சொல்லிவைத்து, நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே பெரியப்பா விசாரித்திருக்கிறார். அங்கே இன்னொரு குடும்பம், இரண்டு பெண்பிள்ளைகள். செத்த செய்தியும் அதே வழியில் வந்திருக்கிறது. அம்மா அப்போது உயிரோடுதான் இருந்தார். “உங்கம்மாகிட்ட மட்டும் சொன்னேன். யாருக்கும் தெரிய வேணாம்னுட்டா. தெரிஞ்சா கேதம் கேக்கறேன்னு நாலு பேரு வருவாங்க, பொட்டை எடு, பூவை எடும்பாங்க, அந்த ஆளுக்காக நான் எதுக்கு அதெல்லாம் பண்ணணும்னு கேட்டா. நியாயமாத்தான் பட்டுச்சு.” கொஞ்சம் பொறுத்து, “நீ கேக்கல, நானும் சொல்லல” என்றார்.

எனக்குப் பெரியப்பா மேல் கோபம் வந்தது. சில நாள் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா மேலும் வந்தது, ஆனால் அம்மா கடைசிவரை நெற்றி நிறையக் குங்குமத்தோடு மிஷினில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் அந்தக் கோபம் நிற்கவில்லை. இன்றைக்கும் இது எனக்கு முழுசாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதவேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தப் பதில் என் வீட்டு வாசலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. வீட்டில் வயதானவர் இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். கல்யாணம், காதுகுத்து என்று கூட்டம் கூடுகிற நாளில் வேண்டாம். ராத்திரியிலும் வேண்டாம், அவருக்கும் தூக்கம் போகும், உங்களுக்கும் போகும். காலையில், தனியாக இருக்கும்போது, சுற்றி வளைக்காமல் ஒரே கேள்வியாகக் கேளுங்கள். அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டால் மழுப்புவார்கள். எங்கே இருக்கிறார், கடைசியாக எப்போது தகவல் வந்தது, யார் சொன்னது என்று கேட்டால், கணக்கு கேட்பது போல இருப்பதால், கணக்காகவே பதில் வரும். சொல்கிற ஊர், ஆள், வருடம் எல்லாவற்றையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதிக்கொண்டது இப்போது உபயோகமாகிறது. தேவகோட்டையில் அப்பா பேரில் ஒரு சின்ன மனை கிடக்கிறது. பட்டா மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அதற்கு இறப்புச் சான்று வேண்டும். மலேசியாவில் இறப்புப் பதிவெல்லாம் அவர்களுடைய தேசியப் பதிவுத் துறையில் இருக்கும். ஊரும் சுமாரான வருடமும் தெரிந்ததால் கேட்டு எழுதியிருக்கிறோம். அங்கே பிறந்த பெண்களையும் வாரிசுப் பட்டியலில் விட முடியாது என்று வக்கீல் சொல்கிறார். எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள் என்பதை இந்த மனைதான் எனக்கு அழுத்திச் சொன்னது. அவர்களைத் தேட நான் எந்தக் குழுவிலும் எழுதவில்லை.

கோபம் ஆறியபின் ஒருநாள் பெரியப்பாவை டிவி முன்னால் உட்காரவைத்து அந்த எபிசோடைப் போட்டேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நீ என் அப்பா இல்லை என்று பையன் கத்தும் இடத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா என் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் சிலையைக் காட்டியதும் மகளிடம், அது என்னம்மா பொம்மை என்று கேட்டார். அப்பாவுக்குக் குடுக்க வாங்கிவச்சது ஐயா என்றாள். “கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவானா?” என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டிருக்கிறார்.

அப்புறம் பழக்கமாகிவிட்டது. இப்போது ஐந்தாவது சீசன் ஓடுகிறது, வெயில் தாழ்ந்ததும் சாய்வு நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்கிறார். மகள் கதைச்சுருக்கத்தை முன்னாலேயே படித்துவிட்டு, இன்னைக்குப் பயமில்லை, போடலாம் என்று அனுமதி கொடுப்பாள். ஃபில்லைப் பெரியப்பாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, சும்மா சும்மா கத்துகிறாராம். அவருக்குப் பிடித்தது ஜெஃப்ரி என்ற அந்தப் பட்லர். மாசச் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு முதலாளியை முகத்துக்கு நேராகக் கிண்டலடித்துவிட்டு, மறுநாளும் வேலைக்கு வருகிற ஒருத்தனைப் பள்ளத்தூரில் நாற்பது வருடம் கணக்கெழுதியும் அவர் பார்த்ததே இல்லையாம்.